சாயவேரும் சூழல்நேய ஆடையும்: யாழ்ப்பாணத் தீவகத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

1

ஆடை வணிகத்தில் 'இயற்கை' என்ற சொல் இன்று பெற்றுள்ள மதிப்பு முன்னொருபோதும் பெற்றிராதது. இயற்கைச் சாயம் தோய்த்தது, மண்ணுக்குத் தீங்கில்லாதது, சூழலுக்கு இசைவானது என்னும் வாசகங்கள் துணியின் விலைச்சீட்டிலேயே அச்சாகி வருகின்றன. இவ்வாசகங்களின் பின்னால் இருப்பது மெய்யான அக்கறையா, வெறும் விற்பனை ஆரவாரமா என்ற வினாவும் உடன் எழுந்துள்ளது. இவ்வினாவை எழுப்புவோரிற் பலர் வணிகரின் உள்ளத்தை ஆராய முற்படுகின்றனர். வணிகரோ தம் உள்ளத் தூய்மைக்குச் சான்றிதழ்களைக் காட்டுகின்றனர். ஆனால் ஒரு பண்டத்தின் தன்மையை அதனை விற்பவரின் மனநிலை கொண்டு அறிதல் இயலாது. அது எவ்வகை உற்பத்தி உறவுகளிலிருந்து தோன்றியது என்பதைக் கொண்டே அதனை அறிதல் வேண்டும்.

இவ்வாறு நோக்குவதற்கு யாழ்ப்பாணத் தீவகம் தக்கதொரு களமாகும். செயற்கைச் சாயம் என ஒன்று தோன்றுவதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே, இத்தீவுகளிலும் மன்னாரிலும் மணலிலிருந்து தோண்டப்பட்ட சாயவேர் உலகச் சந்தைக்குச் செல்லும் துணிகளுக்குச் சிவப்பு நிறம் ஊட்டியது. அது முற்றிலும் இயற்கையானது. நிலக்கரித் தாரோ இரசாயன ஆலையோ அதன் உற்பத்தியில் இடம்பெறவில்லை. மூலப்பொருளின் தூய்மையே ஆடையின் நேர்மைக்குப் போதிய சான்று என்றால், சாயவேரினாற் சிவந்த துணியே நேர்மைமிக்க துணியாக இருந்திருத்தல் வேண்டும். அவ்வாறு இருந்ததா என்பதை ஆராய்ந்து, அதனின்று பெறப்படும் அளவுகோலை இன்றைய நிலைமைக்குப் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

சாயவேர், தமிழ் மருத்துவ நூல்களில் இம்பூறல் எனப் பெயர் பெறும் சிறு செடியின் வேராகும். தாவரவியலார் இதனை ஓல்டன்லாந்தியா அம்பெல்லாட்டா என்பர். கரையோர மணற்பாங்கான நிலத்தில் இது தானாகவே வளர்வது. சோழமண்டலக் கரையில் இதனைப் பயிரிட்டும் வந்தனர். எனினும் தானாக விளையும் வேரிலேயே சாயம் மிகுதி எனச் சாயத்தொழிலாளரும் வணிகரும் கருதினர். கிளிஞ்சலும் சுண்ணாம்பும் செறிந்த மண்ணில் விளையும் வேர் ஒளிமிக்க சிவப்பைத் தரும் என்பதும் அத்தொழிலின் அனுபவ அறிவாகும். சுண்ணக்கல்லும் முருகைக்கல்லும் அடித்தளமாகவுள்ள தீவகத்தின் மண் இதற்கு இயல்பாகவே ஏற்றதாயிற்று.

வேர் இங்கு விளைந்தபோதிலும் சாயத்தொழில் இங்கு பெரிதாக வளரவில்லை. இதற்கு இயற்கைக் காரணமும் சமூகக் காரணமும் உண்டு. வேர்ச்சாயத் தொழிலுக்கு நன்னீர் ஏராளமாக வேண்டும். துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் பாலிலும் தோய்த்து, படிகாரம் பூசி, வேர் நீரிற் காய்ச்சி, மீண்டும் மீண்டும் அலசி வெயிலிற் காயவைத்தல் வேண்டும். ஆறுகளற்ற தீவகத்தில், அதிலும் குடிநீருக்கே இடர்ப்படும் நெடுந்தீவில், இது எளிதன்று. ஆகவே வேர் வெளியே சென்றது. மூலப்பொருளைக் கொடுத்து முடிவுப்பொருளை இழக்கும் நிலை தீவகத்துக்குப் பழைமையான ஒன்றாகும்.

சமூகக் காரணம் கடல்வழி வணிகத்தின் இயல்பிலே தங்கியிருந்தது. தீவகம் ஒதுங்கிக் கிடந்த நிலமன்று. நயினாதீவில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு, 12ஆம் நூற்றாண்டில் ஊராத்துறைக்கு வரும் பரதேசிகளைப் பற்றியும், யானை, குதிரை, பண்டங்கள் ஏற்றிய மரக்கலங்கள் உடைந்தால் பண்டாரத்துக்குச் சேரவேண்டிய பங்கைப் பற்றியும் பேசுகிறது. ஊராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை. போர்த்துக்கேயர் காலத்தில் யானைகளை ஏற்றும் துறையாக அது விளங்கியது. 'துறை' எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்தே கயிற்ஸ் என்னும் பெயரும் வந்தது. பண்டம் கடந்து செல்லும் வழியாகவும் வரி பெறும் வாயிலாகவும் தீவகம் இருந்தது. அதன் மிகைமதிப்பு எப்பொழுதும் அடுத்த கரையிலேயே தங்கியது.

3

1619 இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1658 இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி அதனைக் கைப்பற்றியது. ஒல்லாந்தர் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயரைச் சூட்டினர். நெடுந்தீவு டெல்ஃப்ற் ஆயிற்று. வேலணைத் தீவு லைடன் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. இப்பெயர்களில் ஒரு வரலாற்று முரண் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் லைடன் ஐரோப்பாவின் தலைசிறந்த கம்பளி நெசவு நகரங்களுள் ஒன்று. ஹார்லெம் மெல்லிய நார்த்துணியை வெளுப்பதிற் புகழ்பெற்றது. துணியினாற் செல்வமடைந்த நகரங்களின் பெயர்கள், துணிக்குரிய வேரைக் கொடுத்தும் செல்வமடையாத தீவுகளுக்கு வந்து சேர்ந்தன. பெயர்கள் கடல்கடந்து வந்தன. இலாபம் எதிர்த்திசையிற் சென்றது.

ஒல்லாந்த நிருவாகத்தின் யாழ்ப்பாண ஆவணங்களில், யானை, முத்து, சங்கு, பனை ஆகியவற்றோடு சாயவேரும் வருவாய்க்குரிய பொருளாகத் தொடர்ந்து இடம்பெறுகிறது. 1697 இல் யாழ்ப்பாணக் கொமாந்தராக இருந்த சுவார்டகுறூன் தமக்குப் பின்வருவோருக்கென விட்டுச்சென்ற நிருவாகக் குறிப்புகள் இவ்வகையில் முதன்மையானவை. கொம்பனிக்கு வேர்மீது தனியுரிமை இருந்தது. தோண்டுவோர் அதனை வேறெவருக்கும் விற்றல் இயலாது. கொம்பனி குறித்ததே விலை. வேர் யாழ்ப்பாணத்துத் துணிச் சாயத்துக்கும் சோழமண்டலக் கரையின் சாயத்தொழிலுக்கும் பயன்பட்டது.

இதனைத் தோண்டியோர் யாவர் என்பதே இவ்வாய்வின் மையம். வேர் தோண்டுதல் எவரும் விரும்பி ஏற்கக்கூடிய தொழிலாக விடப்படவில்லை. குறிப்பிட்ட சாதியாருக்கு அது பிறப்பினால் வரும் கடமையாக விதிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்து இராச்சியக் காலத்திலிருந்தே சாதி அடிப்படையிலான ஊழியமுறை நிலவியது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அதனை ஒழிக்கவில்லை. பதிவேடுகளில் ஏற்றி மேலும் இறுக்கமாக்கினர். நிலவரி, தலைவரி, அதிகாரி வரி, தொழில்வரி என்பவற்றோடு ஊழியமும் தோம்புகளிற் கணக்கிடப்பட்டது. முன்னர் ஊர் வழக்கமாக இருந்தது இப்பொழுது கணக்குப் புத்தகத்தின் வரியாயிற்று. வழக்கத்தோடு வாதாடலாம், கணக்குப் புத்தகத்தோடு வாதாடுதல் அரிது.

1707 இல் கிளாஸ் இசாக்ஸ் தொகுத்த தேசவழமை, சொத்துரிமையோடு அடிமைகளையும் பற்றிப் பேசுவது இங்கு நினைக்கத்தக்கது. உள்ளூர் வழமையைக் காப்பதென்ற பெயரில், உள்ளூர் ஆதிக்கச் சாதியின் உரிமைகள் அந்நிய ஆட்சியின் சட்டமாயின. வணிக மூலதனம் தான் சென்ற இடமெங்கும் பழைய சமூக உறவுகளைத் தகர்த்தெறிந்தது என்ற எளிய வாய்பாடு யாழ்ப்பாணத்துக்குப் பொருந்தாது. இங்கு அது நிலமானியச் சாதியமைப்பைத் தன் வேலைக்காரனாக அமர்த்திக்கொண்டது. கொம்பனிக்கு வேண்டியது மலிவான வேர். அதனை மலிவாக்கியது சாதி. சாதிக்கு வேண்டியது தன் படிநிலைக்கு ஓர் அரசியற் காவல். அதனை அளித்தது கொம்பனி.

இந்த உறவை எழுத்திலக்கியம் பெரிதும் காணவில்லை. 18ஆம் நூற்றாண்டில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோளின்படி எழுந்தது. அதன் கவனம் அரசர், குடியேற்றம், கோயில் என்பவற்றிலேயே தங்கியது. தோண்டப்பட்ட நிலத்தின் வரலாற்றைத் தோண்டியவர் எழுதவில்லை. எழுதும் உரிமை அவருக்கு இருக்கவில்லை.

4

சாயவேர் சேர்ந்த துணி எங்கே சென்றது? சோழமண்டலக் கரையின் வண்ணம் தீட்டிய பருத்தித் துணிகள் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவின் நவநாகரிகமாயின. கழுவினாலும் வெளிறாத சிவப்பு அங்குள்ள மக்களுக்குப் புதுமையாக இருந்தது. உள்நாட்டு நெசவைக் காப்பதற்காகப் பிரான்சு 1686 இல் இத்துணிகளைத் தடைசெய்தது. தடை 1759 வரை நீடித்தது. இங்கிலாந்து 1700, 1721 ஆகிய ஆண்டுகளிற் சட்டங்கள் இயற்றியது. 1719 இல் இலண்டன் நெசவாளர் இத்துணியை அணிந்த பெண்களைத் தெருவிலே தாக்கி ஆடைகளைக் கிழித்தனர். இரு கரையின் உழைப்பாளரும் ஒரே வணிகத்தின் இரு முனைகளில் நின்றனர். ஆயினும் ஒருவரை ஒருவர் அறியவில்லை. கோபம் வணிகன்மீது செல்லாது துணியின்மீதும் அதனை உடுத்த பெண்ணின்மீதும் சென்றது.

துணியைத் தொடர்ந்து தொழிலறிவும் எடுத்துச் செல்லப்பட்டது. யேசு சபைக் குருவான கூர்டூ, 1742 இல் எழுதிய கடிதத்தில், தென்னிந்தியச் சாயமிடும் முறையைப் படிமுறையாக விவரித்தார். மதம் மாறிய சாயத்தொழிலாளரிடமிருந்தே அவர் அதனைக் கேட்டறிந்தார். தலைமுறைகளாகக் கைவழி வந்த அறிவு ஐரோப்பிய உற்பத்தியாளருக்கு இலவசமாகக் கிடைத்தது. இன்று 'பாரம்பரியத் தொழில்நுட்பம்' என்று பாராட்டப்படுவது அன்று இவ்வாறே உடைமை மாறியது.

ஆடையைப் பற்றிப் பேசும்பொழுது அணியும் உரிமையைப் பற்றியும் பேசுதல் வேண்டும். யாழ்ப்பாணச் சமூகத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் எதனை உடுக்கலாம், எவ்வளவு உடுக்கலாம் என்பதும் சாதியாலேயே தீர்மானிக்கப்பட்டது. பெண்கள் மேலாடை அணிவதற்கும், ஆண்கள் தோளிற் சால்வை இடுவதற்கும் இருந்த தடைகள் 20ஆம் நூற்றாண்டிலும் நீடித்தன. கே. டானியல் 1972 இல் வெளியிட்ட 'பஞ்சமர்' நாவல் இந்த ஒடுக்குமுறைச் சூழலையே பொருளாகக் கொண்டது. உலகத்தை உடுத்திய நிலத்தில், உழைத்தவருக்கே உடை மறுக்கப்பட்டது. இயற்கைச் சாயத்தின் பொற்காலம் என்று இன்று வருணிக்கப்படும் காலத்தின் மறுபக்கம் இதுவே.

5

1795 இல் யாழ்ப்பாணம் பிரித்தானியர் கைக்கு மாறியபின்னும் சாயவேர் உரிமை உடனே மக்களைச் சேரவில்லை. அரசு அதனைக் குத்தகைக்கு விட்டுப் பணம் பெற்றது. 1829 இல் வந்த கோல்புறூக் ஆணைக்குழு கட்டாய ஊழியத்தையும் அரச தனியுரிமைகளையும் எதிர்த்துப் பரிந்துரைத்தது. 1832-33 இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. 1844 இல் இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி நீக்கப்பட்டது. கட்டாயம் நீங்கியதும் வேர் வணிகமும் தளர்ந்தது. இது ஆழ்ந்து நோக்கற்பாலது. அதன் மலிவு பெருமளவுக்குக் கட்டாயத்தின் மலிவாகவே இருந்தது.

எஞ்சியதை அறிவியல் முடித்துவைத்தது. 1856 இல் பேர்க்கின் முதற் செயற்கைச் சாயத்தைக் கண்டறிந்தார். 1868 இல் கிறேபவும் லீபர்மனும் அலிசரினைச் செயற்கையாக ஆக்கினர். ஐரோப்பிய மஞ்சிட்டி வேரிலும் நமது சாயவேரிலும் சிவப்பைத் தருவது இந்த அலிசரினே. சில ஆண்டுகளுள் பிரான்சின் மஞ்சிட்டிப் பயிர் அழிந்தது. மதுரைச் சௌராட்டிரச் சாயத்தொழிலாளரும் காலப்போக்கில் ஜேர்மன் அலிசரினுக்கு மாறினர்.

1894 இல் வெளியான 'மூலதனம்' மூன்றாம் பாகத்தின் நான்காம் அத்தியாயத்தை எழுதியவர் எங்கெல்ஸ். மூலதனத்தின் சுழற்சிக் காலம் இலாப வீதத்தை எவ்வாறு பாதிக்கிறது என்பதை விளக்க அவர் எடுத்துக்கொண்ட சான்றுகளுள் ஒன்று இதுவே. வேர் முதிர்வதற்கு ஆண்டுகள் வேண்டும். நிலக்கரித் தாரிலிருந்து அலிசரின் பெறச் சில வாரங்கள் போதும். இயற்கையின் காலம் மூலதனத்தின் காலத்துக்குத் தடையாக இருந்தது, தடை நீக்கப்பட்டது. செயற்கைச் சாயம் வென்றது அது அழகானது என்பதாலன்று, விரைவானது என்பதால்.

அவ்வெற்றியின் கேட்டை மறைத்தல் கூடாது. திருப்பூரின் பின்னலாடைச் சாய ஆலைகள் நொய்யல் ஆற்றை எவ்வாறு அழித்தன என்பது தமிழ்நாடு அறிந்தது. பாசனத்துக்கெனக் கட்டப்பெற்று 1992 இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவின் தேக்கமாயிற்று. நீண்ட காலம் விவசாயிகள் போராடினர். 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய ஆலைகளை மூடுமாறு ஆணையிட்டது. ஆகவே சூழல் பற்றிய அக்கறை பொருளற்றதன்று. அது நிலத்தையும் நீரையும் இழந்த மக்களின் அனுபவத்திலிருந்து பிறந்தது. ஆயின் அந்த அக்கறை அவர்களிடமிருந்து விலைச்சீட்டுக்கு வந்துசேரும் வழியில் அதற்கு நிகழ்வது யாது என்பதே அடுத்த வினா.

6

இலங்கை ஆடைத் தொழிற்றுறை இதற்குத் தெளிவான விடை தருகிறது. 1978 இற் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிய காலம் முதல், ஏற்றுமதிக்கான ஆடை உற்பத்தி நாட்டின் முதன்மை அந்நியச் செலாவணி வழிகளுள் ஒன்றாயிற்று. 2006 இல் ஆடைத்துறை முதலாளிகளின் கூட்டமைப்பு 'குற்றவுணர்வற்ற ஆடைகள்' என்னும் பொருள்படும் பிரசாரத்தை ஆரம்பித்தது. 2008 இல் துல்கிரியவில் மாஸ் நிறுவனம் மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சருக்கென 'துருலிய' என்னும் பசுமைத் தொழிற்சாலையை அமைத்தது. இயற்கை ஒளி, குறைந்த மின்னுகர்வு, நீர்ச் சேமிப்பு ஆகியவற்றுக்காக அது உலகளாவிய பாராட்டைப் பெற்றது. இவை பொய்யான சாதனைகள் அல்ல. மின்சாரம் உண்மையாகவே சேமிக்கப்பட்டது.

ஆனால் பிரசாரத்தின் பெயரை ஊன்றி நோக்குக. நீக்கப்படுவதாகக் கூறப்படுவது எவருடைய குற்றவுணர்வு? இலண்டனிலும் நியூயோர்க்கிலும் ஆடை வாங்குபவருடையது. ஆடையோடு மனநிம்மதியும் சேர்த்து விற்கப்படுகிறது. சூழல் அக்கறையே ஒரு பண்டமாகிறது. அதேவேளை தைப்பவரின் வாழ்வு எவ்வாறு இருந்தது? 2011 மே 30 ஆம் திகதி, ஓய்வூதியச் சட்டமூலத்தை எதிர்த்துக் கட்டுநாயக்கவில் நிகழ்ந்த போராட்டத்தின்மீது பொலிசார் சுட்டதில் ரொஷேன் சானக்க என்ற இளந்தொழிலாளி உயிரிழந்தார். 2016 இற் சட்டமாக்கப்பட்ட தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 10,000 ரூபா. பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் 2024 இல் அது 17,500 ஆகவும், 2025 ஏப்பிரலில் 27,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. விலைவாசியோடு ஒப்பிடுவோருக்கு இத்தொகைகளின் பொருள் விளங்கும். கட்டடத்தின் மின்னுகர்வை அளப்பதற்கு நுண்ணிய அளவுகோல் உண்டு. தொழிலாளியின் உணவை அளப்பதற்குச் சான்றிதழில் இடமில்லை.

உலகின் பிற பகுதிகளிலும் நிலைமை இதுவே. 2020 இல் ஐரோப்பிய ஆணைக்குழு ஆராய்ந்த பசுமை விளம்பரக் கூற்றுகளில் 53 வீதமானவை தெளிவற்றவை, தவறாக வழிநடத்துபவை அல்லது ஆதாரமற்றவை எனக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில், இந்தியாவில் 20,000 தொன் பருத்தி போலிச் சான்றுகளோடு இயற்கைப் பருத்தியாகக் காட்டப்பட்டதை, அத்தகைய சான்றிதழை வழங்கும் சர்வதேச அமைப்பே வெளிப்படுத்தியது. சான்றிதழ் சந்தையில் மதிப்புப் பெறும்பொழுது சான்றிதழே கள்ளப் பண்டமாவது இயல்பு.

தீவகத்தில் இன்று சாயவேர் தோண்டுவாரில்லை. ஆயின் பனையோலைக் கைப்பணி இருக்கிறது. 1978 இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையும் கூட்டுறவுச் சங்கங்களும் இத்துறையில் நெடுங்காலம் பணிபுரிந்துள்ளன. பெட்டி, கடகம், சுளகு, பாய் என வீட்டுப் பாவனைக்கு இழைக்கப்பட்டவை இப்பொழுது கைப்பைகளாக உருமாறி நகரத்துக் கடைகளிற் 'சூழல்நேய' அணிகலன்களாக இடம்பெறுகின்றன. இது வரவேற்கத்தக்கதே, ஓலை மண்ணோடு மண்ணாகும், பொலித்தீன் ஆகாது. ஆயினும் மரத்தில் ஏறி ஓலை வெட்டுபவரும், அதனை வார்ந்து சாயமேற்றி இழைக்கும் பெண்ணும் பெறும் பங்கு யாது, கடை பெறும் பங்கு யாது என்ற வினாவை ஓலையின் இயற்கைத்தன்மை தீர்த்துவிடாது. சாயவேர் அதனைத் தீர்க்கவில்லை என்பதை மேலே கண்டோம்.

7

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, மெய்யான அக்கறையா, விற்பனை ஆரவாரமா என்ற வினாவே போதாதது என்பது புலனாகும். இரண்டும் ஒரே பண்டத்தில் ஒருங்கே இருத்தல் கூடும். நொய்யற் கரை விவசாயியின் அக்கறை மெய்யானது. அதனைப் பிரதிபலிக்கும் வாசகம் விற்பனைக்குரியது. மூலப்பொருள் மண்ணிலிருந்து வந்ததா ஆலையிலிருந்து வந்ததா என்பது ஒரு வினா. அதனை எடுத்த கை தன் விருப்பினால் எடுத்ததா, கட்டாயத்தினால் எடுத்ததா என்பது மற்றொரு வினா. முதலாவதற்கு மட்டும் விடை தரும் சான்றிதழ் பாதி உண்மையே கூறுகிறது.

எனவே சூழல்நேயம் கோரும் எந்த ஆடையையும் மூன்று நிலைகளில் வைத்து மதிப்பிடல் வேண்டும். உற்பத்தி செய்பவருக்கு அவ்வேலையை மறுக்கவும், சங்கம் அமைத்து விலை பேசவும் உரிமை உண்டா என்பது முதலாவது. நிலத்தின்மீதும் நீரின்மீதும் அவ்வூர் மக்களுக்கு அதிகாரம் உண்டா என்பது இரண்டாவது. கூறப்படுவதைச் சோதித்தறியும் உரிமை வாங்குபவருக்கு மட்டுமன்றி உழைப்பவருக்கும் உண்டா என்பது மூன்றாவது. ஒல்லாந்தர் காலத்துச் சாயவேர் இம்மூன்றிலும் தோற்றது. இன்றைய பசுமைத் தொழிற்சாலைகள் எவ்வளவு தூரம் தேறுகின்றன என்பதை அவற்றின் கூரையில் உள்ள சூரியத் தகடுகளிலன்றி, அவற்றின் வாயிலில் தொழிற்சங்கக் கொடி பறக்க முடியுமா என்பதிலேயே காணலாம்.

இயற்கைச் சாயத்தை மீட்பதற்கு முனையும் இளைஞர்களை ஊக்குவித்தல் நம் கடமை. ஆனால் அவர்கள் மீட்கவேண்டியது நிறத்தை மட்டுமன்று. தோம்புகளில் ஊழியக் கணக்காக மட்டும் எஞ்சியவர்களின் வரலாற்றையும், தீவுகளின் முதியோர் நினைவிலும் வாய்மொழி வழக்குகளிலும் இன்னும் தங்கியுள்ள தொழிற்சொற்களையும் சேர்த்தே மீட்டல் வேண்டும். தமிழ் ஆய்வுத்துறை அப்பணியைத் தீவகத்திலிருந்தே தொடங்குதல் பொருத்தமாகும்.